கன்னியப்பன் இருந்த மனை

கங்கையம்மாள் தன் ஆயுளில் பெரிதாக எதற்கும் ஆசைப்பட்டவள் அல்ல. நகை வேண்டாம், பட்டு வேண்டாம். பிள்ளை இல்லையே என்று அழுவதைக்கூட ஒரு வயதுக்கு மேல் விட்டுவிட்டாள். யாரும் வந்து கிளம்பு என்று சொல்லாத ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. குரோம்பேட்டையில் தண்டவாளத்து ஓரம் குடிசை போட்டாள். காலி பண்ணச் சொன்னார்கள். ஏரி உள்வாயில் போட்டாள். ஐப்பசி மழை வந்து காலி பண்ணச் சொன்னது. ரோட்டோரம் போட்டாள்; ரோட்டை அகலமாக்கப் போகிறோம் என்று அளவுச் சங்கிலியோடு ஆட்கள் வந்து நின்றார்கள். ஒவ்வொரு முறையும் அவள் சட்டி பானையைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடப்பாள். புருஷன் குப்புராஜ் ஓலையையும் மூங்கிலையும் கட்டித் தூக்கிக்கொண்டு பின்னால் வருவான். அவனுக்குத் தாம்பரத்து மரவாடியில் கட்டை இறக்குகிற வேலை. அவள் பெருங்களத்தூர் பஸ் நிற்கும் இடத்தில் வேகவைத்த வேர்க்கடலை விற்றாள்.

அறுபத்தொன்றாம் வருஷம் அவர்கள் இரும்புலியூர் தாண்டி ஒரு மனைக்கு வந்து சேர்ந்தார்கள். யாரோ வயலைத் துண்டு போட்டு, கல் நட்டு, நம்பர் எழுதி விற்றுவிட்டுப் போயிருந்தார்கள். வாங்கியவர்கள் எல்லாம் ஆபீஸ்காரர்களும் வாத்தியார்களும். பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டியதோடு சரி, ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. கல்லெல்லாம் முள்ளுக்குள் மூழ்கிக் கிடந்தது. வேப்பமரம் நின்ற ஒரு மனையைப் பார்த்துக் கங்கையம்மாள் பானையை இறக்கினாள்.

"யாருதோ இன்னாவோ," என்றான் குப்புராஜ்.

"யாருதா இருந்தா இன்னா? அவங்களுக்கு வேற ஒரு வூடு இருக்கப்போயித்தான இத சும்மா போட்டு வெச்சிகீறாங்க."

அவள் சொன்ன நியாயத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. சட்டத்துக்குத் தெரியும், அது வேறு விஷயம்.

முள்ளை வெட்டினார்கள். ஓலைக் குடிசை போட்டார்கள். இரண்டு வருஷத்தில் மண்சுவர் எழுந்தது, அப்புறம் ஓடு வந்தது. கங்கையம்மாள் ஆடு வளர்த்தாள், அவரைப் பந்தல் போட்டாள், வாசலுக்குச் சாணி தெளித்துக் கோலம் போட்டாள். கேட்பார் இல்லை. ரயில் சத்தமும், ஆகாய விமானம் பழகும் சத்தமும் தவிர வேறு எதுவும் அந்தப் பக்கம் வராது. இனிமேல் யாரும் வரமாட்டார்கள் என்று அவள் நம்பத் தொடங்கியபோதுதான் ரத்தினபாய் டீச்சர் வந்தாள்.

வெள்ளைப் புடவை, கறுப்புக் குடை. தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அடுத்த வருஷம் ரிடையர் ஆகப்போகிறாள், வாடகை வீட்டை விட்டுத் தனக்கென்று ஒன்று கட்டிக்கொள்ள வேண்டும். கூட ஒரு சர்வேயர் வந்திருந்தார். அவர் முள்ளை விலக்கிக் கல்லைத் தட்டி நம்பரைக் காட்டினார்.

"இது என் ப்ளாட்மா," என்றாள் டீச்சர், ஏதோ தான்தான் தப்புப் பண்ணிவிட்ட குரலில். "முறையா ரிஜிஸ்டர் பண்ணி வாங்கினது. உங்களைத் திடீர்னு போகச் சொல்லமாட்டேன். கிறிஸ்மஸ் வரைக்கும் இருங்க. அதுக்குள்ள வேற இடம் பாத்துக்குங்க."

அதட்டியிருந்தால் கங்கையம்மாள் பதிலுக்குக் கத்தியிருப்பாள். கத்தினால் பாதி துக்கம் போயிருக்கும். தணிவாகப் பேசியவளிடம் என்ன செய்வது? டீச்சர் போன பிறகு அவள் அவரைப் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து, "நான் போமாட்டேன், இந்த வாட்டி நான் போமாட்டேன்" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

மரவாடியில் யாரோ சொல்லி, புருஷனும் பெண்டாட்டியும் செங்கல்பட்டுக்கு ரயில் ஏறினார்கள். அங்கே தட்சிணாமூர்த்தி என்று ஒரு வக்கீல் குமாஸ்தா. வக்கீலைவிடக் குமாஸ்தாவுக்குத்தான் கூட்டம் அதிகம். மனுஷர் காதில் சொருகிய பென்சிலை எடுத்துச் சீவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"அடுத்தவன் நிலத்துல ஒளிவு மறைவில்லாம, எனக்குன்னு சொல்லிக்கிட்டு, பன்னெண்டு வருஷம் ஒருத்தன் இருந்துட்டான்னா, பத்திரம் வெச்சிருக்கிறவன் பாத்துக்கிட்டு நிக்க வேண்டியதுதான். அது சட்டம். உங்களுக்கு எட்டுதானே ஆகுது?"

"ஆமா சாமி."

"உங்களுக்கு முன்னாடி அந்த இடத்துல ஒருத்தர் இருந்து, அவர்கிட்டேருந்து உங்களுக்கு வந்திருந்தா, அவர் வருஷத்தையும் உங்க வருஷத்தையும் ஒண்ணா சேத்துக்கலாம். யார் இருந்தாங்க?"

"யாரும் இல்ல சாமி. முள்ளுதான் இருந்திச்சி."

அவர் பென்சிலைச் சீவுவதை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். "அவசரப்படாதேம்மா. நல்லா யோசிச்சுச் சொல்லு."

கங்கையம்மாள் யோசித்தாள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்கிறார்கள், ஒரே ஒரு பொய் சொல்லி ஒரு வீட்டைக் காப்பாற்றக் கூடாதா?

"ஒரு பெரியவரு இருந்தாரு," என்றாள்.

"பேரு?"

"கன்னியப்பன்."

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. அவள் சனத்திலும் அவன் சனத்திலும் அப்படி ஒருவர் கிடையாது. கேட்கக் கேட்க அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். சொந்த ஊர் உத்திரமேரூர்ப் பக்கம். பிள்ளைகளோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தவர். ஐம்பத்தைந்திலிருந்து அந்த வேப்பமரத்தடியில் குடிசை போட்டு இருந்தார். அறுபத்து நாலில் செத்தார், அங்கேயே புதைத்தாயிற்று. குமாஸ்தாவுக்கு ஒரே சந்தோஷம். இப்படிச் சரளமாகச் சொல்கிற கட்சிக்காரி அவருக்குக் கிடைத்ததே இல்லை. குப்புராஜ் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு அவளைப் பார்த்தான்.

இருவரும் திரும்ப ரயில் ஏறினார்கள். தாம்பரத்தில் இறங்க எழுந்தபோதுதான் கங்கையம்மாள் கவனித்தாள்: ஒரே பலகையில் உட்கார்ந்து வந்தவர்கள் நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடத்தை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். வண்டியில் அவ்வளவு கூட்டம், யாரும் அந்த இடத்தில் வந்து உட்காரவும் இல்லை.

டீச்சர் வழக்குப் போட்டாள். அந்த மாதிரி வழக்கில் கோர்ட்டு ஒரு வக்கீலைக் கமிஷனர் என்று அனுப்பும். அவர் இடத்தைப் பார்த்து என்ன இருக்கிறதோ அதை எழுதிக்கொண்டு போவார். "சமாதின்னு சொன்னியே, அவர் வரும்போது அங்க ஒரு மேடாவது இருக்கணும் இல்ல?" என்று சொல்லி அனுப்பினார் குமாஸ்தா.

பீர்க்கன்கரணை ஏரி அப்போது வற்றிக் கிடந்தது. புருஷனும் பெண்டாட்டியும் விடியற்காலைகளில் கூடை கூடையாக ஏரி மண்ணைச் சுமந்து வந்து வேப்பமரத்தடியில் கொட்டினார்கள். தோண்டவில்லை, இருந்த தரையின் மேல் கொட்டியதுதான். ஓர் ஆள் நீளத்துக்கு மேடு ஆயிற்று. தலைமாட்டில் ஒரு கல், அதற்கு விபூதிப் பட்டை, ஒரு அகல் விளக்கு. பழசாகத் தெரிய வேண்டும் என்று அருகம்புல்லைப் பெயர்த்து வந்து பதித்துத் தண்ணீர் ஊற்றினாள். புல் ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டது. அந்தக் கோடையில் சுற்றுவட்டாரத்தில் பச்சையாக இருந்தது அந்த மேடு ஒன்றுதான்.

அவள் ஆடுகள் அதைத் தின்னவில்லை. பசியில் வேலி ஓலையைக் கடிக்கிற ஜன்மங்கள், மேட்டின் ஓரம் வரை வந்து நிற்கும், பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு சுற்றிப் போகும். மேட்டில் புல் பதித்தவள் அவள். அதில் ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஆடு சுற்றிப் போவதைப் பார்த்த பிறகு அவளும் அதைச் சுற்றித்தான் நடந்தாள்.

சாட்சிக்கு ஜீவரத்தினம் கிடைத்தான். முக்கில் பெட்டிக்கடை வைத்திருந்தவன், வேதக்காரன், நல்ல மாதிரி. முதலில் பைபிளைத் தொட்டுவிட்டுப் பொய் சொல்லமாட்டேன் என்று முரண்டு பிடித்தான். கங்கையம்மாள் அழுது கெஞ்சியதில், "கெழவர் ஒருத்தர் இருந்தார்னு மட்டும் சொல்றேன், வேற எதுவும் கேக்கக் கூடாது" என்று சம்மதித்தான். கூண்டில் ஏறினான். கிழவர் இருந்தார் என்றான். அதோடு இறங்கியிருக்க வேண்டியவன், தன் கடையில்தான் அவர் மூக்குப்பொடி வாங்குவார், இடது கையால்தான் வாங்குவார், வலது கை விரல் மடங்காது என்றெல்லாம் சொன்னான்.

வெளியே வந்ததும் கங்கையம்மாள் அவனை மடக்கினாள். "ஏன்ணா, அந்தக் கை சமாச்சாரம் உனுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"யார் சொல்லிக் குடுக்கணும்?" என்றான் ஜீவரத்தினம். "நான் பாத்த ஆளை எனக்கு ஞாபகம் இருக்காதா?"

கேலி பண்ணுகிறானோ என்று அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கேலி பண்ணவில்லை. எங்கோ தூரத்தில் இருப்பதை நினைத்துப் பார்க்கிறவன் போல இருந்தான்.

அவள் முறை வந்தது. கிழவர் சாகும் முன்னால் இடத்தைத் தனக்கே கொடுத்துவிட்டார் என்று சொல்ல வேண்டும் என்பது குமாஸ்தா கட்டிவைத்த பாடம். எதிர்க்கட்சி வக்கீல் கெட்டிக்காரர். பாடத்தை விட்டுவிட்டு வேறு பக்கத்தில் குத்தினார். "ஆக, ஆதரவில்லாத கிழவர் குடிசையில் நீங்கள் புகுந்துகொண்டு, அவரிடமிருந்து இடத்தைப் பிடுங்கிக்கொண்டீர்கள், அப்படித்தானே?"

கங்கையம்மாளுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "நான் யாருகிட்டயும் புடுங்கித் தின்றவ இல்ல! அவரு இருக்கச் சொன்னாரு, இருந்தோம். அது அவரு வூடு. சோறு ஆக்கிப் போட்டேன், காலு அமுக்கி வுட்டேன். கடைசி வரைக்கும் அவரு சொல்லுக்கு அடங்கித்தான் இருந்தோம்!"

குமாஸ்தாவின் பென்சில் காகிதத்தில் அப்படியே நின்றுவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும். இல்லாத கிழவனிடம் திருடினாள் என்ற கெட்ட பேர்கூடத் தனக்கு வந்துவிடக் கூடாது என்று நினைத்த அந்த ரோஷக்காரியை என்ன சொல்லித் திட்டுவது? எனக்கு வாய் வரவில்லை.

இருந்தாலும் அந்த வழக்கில் ஜெயம் அவளுக்குத்தான். ஐம்பத்தைந்திலிருந்து கன்னியப்பன் அந்த மனையை ஆண்டு வந்திருக்கிறார், அவருக்குப் பின் இவர்கள் இருக்கிறார்கள், பத்திரம் வைத்திருக்கிற அம்மாள் அந்தப் பக்கமே வரவில்லை என்று தீர்ப்பாயிற்று. டீச்சர் மேல்கோர்ட்டுக்குப் போகவில்லை. ஒரு நாள் சாயங்காலம் குடையோடு வந்தாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துக் கங்கையம்மாள் இடுப்பில் சேலையைச் சொருகிக்கொண்டு நின்றாள்.

"எனக்கு உங்க மேல கோபம் இல்லைமா," என்றாள் டீச்சர். "கல்லறை இருக்கிற இடத்துல வீடு கட்டி என்னால தூங்க முடியாது. அவருக்காக ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போகலாமா?"

மேட்டின் எதிரே நின்று முக்காடு போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, நெடுநேரம் உதடு அசையாமல் ஜெபம் பண்ணினாள். திரும்பிப் போகும்போது மேட்டைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினாள், தெரிந்த மனிதரிடம் விடைபெறுகிற மாதிரி. அவள் ரோடு முனையில் திரும்பி மறையும் வரை கங்கையம்மாள் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

அன்றிலிருந்து விளக்கு ஏற்றுவதை அவள் ஒரு நாளும் தவறவிடவில்லை. கமிஷனர் வந்து போய்விட்டார், தீர்ப்பும் வந்துவிட்டது, இனி யாருக்கும் காட்ட வேண்டியதில்லை, ஆனாலும் ஏற்றினாள். குப்புராஜ் அதற்கு மேலே போய்விட்டான். சாப்பிட உட்கார்ந்தால் முதல் பிடியை இலைத் துண்டில் எடுத்து வைத்துவிட்டு வேப்பமரப் பக்கம் பார்த்துக்கொண்டு இருப்பான். "அவரு சாப்ட்டாரா?" என்று ஒரு நாள் கேட்டான். யாரு என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வானோ என்று பயந்துகொண்டு உலையைக் கிளறினாள்.

வழக்கு ஜெயித்ததற்கு வேண்டிக்கொண்டபடி திருநீர்மலைக்குப் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு இரண்டு பேரும் மத்தியானத்தில் திரும்பினார்கள். மேட்டின் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். ஐம்பது வயது இருக்கும். துண்டை இடுப்பில் கட்டி, தேங்காய் உடைத்து, சூடம் கொளுத்தி வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தான்.

"யாருய்யா நீ?"

அவன் எழுந்து கும்பிட்டான். "என் பேரு அரிகிருஷ்ணன் யம்மா. உத்திரமேரூர் பக்கம். கோர்ட்டுத் தாழ்வாரத்துல எங்க அப்பா பேரைச் சொன்னது காதுல விழுந்துது. இங்க தூங்கறது எங்க அப்பா."

உன் அப்பன் இல்லை, போ என்று சொல்லக் கங்கையம்மாள் வாயெடுத்தாள். இல்லை என்றால் பிறகு யார் என்று கேட்பானே? வாயை மூடிக்கொண்டாள்.

அவன் சண்டை போடவில்லை. எதையும் கேட்டுப் பிடுங்கவில்லை. அப்பா என்ன சாப்பிட்டார், ராத்திரி இருமுவாரா, கடைசியில் எங்களை நினைத்தாரா என்றுதான் கேட்டான். அவள் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். கேழ்வரகுக் கூழ் என்றால், "ஆமா, அதுதான் அவருக்கு உசிரு" என்பான். வெயில் தாழ்ந்தால் கிணற்றடியில் போய் உட்காருவார் என்றால், "ஊர்லயும் அப்படித்தான்" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வான். அவள் எந்தப் பொய்யைச் சொன்னாலும் அது உண்மையாகிக்கொண்டே வந்தது.

அவன் அமாவாசைக்கு அமாவாசை வந்தான். சில மாதம் கழித்து அவன் வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வந்தது. மனை என் தகப்பனாருடையது, நான் வாரிசு, அங்கே இருப்பவர்கள் அவர் தயவில் இருந்தவர்கள் என்று.

கங்கையம்மாள் செங்கல்பட்டுக்கு ஓடினாள். தட்சிணாமூர்த்தி இந்த முறை பென்சிலைக் கையில்கூட எடுக்கவில்லை.

"அவர் வீடு, அவர் சொல்லுக்கு அடங்கி இருந்தேன்னு சத்தியம் பண்ணிச் சொன்னது நீதானே? இருக்கச் சொன்னவருக்கு எதிரா இடத்தைப் பிடிக்க முடியாது. அவருக்குப் பின்னாடி அவர் பிள்ளை வந்து எழுந்திருன்னா எழுந்திருக்க வேண்டியதுதான்."

"அந்த மேட்டுல யாரும் இல்லன்னு சொல்லிட்டேன்னா?"

"தாராளமா சொல்லு. டீச்சரம்மா கேஸு உசிரோட எழுந்து உக்காரும். பொய்ச் சத்தியம் பண்ணதுக்கு நீ உள்ள போவே. உன்னோட சேத்து என்னையும் இழுப்பாங்க."

வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவள் யாரிடம் போய் அழுவாள்? உண்மையைச் சொன்னால் நிலம் டீச்சருக்குப் போகும். பொய்யைக் காப்பாற்றினால் நிலம் கன்னியப்பன் மகனுக்குப் போகும். இரண்டிலும் அவளுக்கு இல்லை. மனையில் கன்னியப்பனுக்கு உரிமை இருந்தது, கங்கையம்மாளுக்கு இல்லை. அவரை உண்டாக்கியவள் அவள்தான்.

வழக்கு முடிவதற்குள் குப்புராஜுக்குக் காய்ச்சல் கண்டது. படுக்கையில் கிடந்து அவன் கேட்டது ஒன்றுதான். "என்னைச் சுடுகாட்டுல கொண்டு போயி வெச்சிடு கங்கா. இந்த மனைல மட்டும் வாணாம்." ஏன் என்று அவள் கேட்டதற்கு, அவன் வேப்பமரப் பக்கம் இருந்த ஜன்னலைச் சாத்தச் சொன்னான். அவன் போனதும், சொன்னபடியே சுடுகாட்டில் கொண்டு போய் வைத்தாள்.

எழுபத்து நாலில் மனை அரிகிருஷ்ணனுக்கு என்று தீர்ப்பாயிற்று. அவன் தகரப் பெட்டியோடு வந்து இறங்கினான். கங்கையம்மாள் சட்டி பானைகளை மூட்டை கட்டி வாசலில் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாள்.

"எங்க யம்மா கெளம்பற?" என்றான் அவன். "எங்க அப்பாவைப் பாத்துக்கின கை. நீ இங்கயே இரு. எனக்கும் ரெண்டு பிடி ஆக்கிப் போடு, போதும்."

இருந்தாள். அவனுக்குச் சோறு ஆக்கிப் போட்டாள். மழைக்காலத்தில் அவனுக்கு முட்டி வீங்கினால் எண்ணெய் காய்ச்சிக் காலை அமுக்கிவிட்டாள். அவன் வீட்டில், அவன் சொல்லி, அவன் சொல்லுக்கு அடங்கி இருந்தாள். கூண்டில் ஏறிச் சத்தியம் பண்ணிச் சொன்ன பொய்யை ஒரு வரி விடாமல் வாழ்ந்து காட்ட வேண்டியதாயிற்று. சில நாள் அடுப்பெதிரில் உட்கார்ந்திருக்கும்போது, இதெல்லாம் முன்னாலேயே ஒரு கிழவருக்குச் செய்திருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றும். கை அளவுகூட ஞாபகம் வரும், கூழுக்கு உப்பு எவ்வளவு என்று. பிறகு திடுக்கிட்டு, சீ, அப்படி யாரும் இல்லையே என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

அரிகிருஷ்ணன் தங்கமான மனுஷன், அதில் சந்தேகமில்லை. ஒரு கெட்ட வார்த்தை வாயில் வராது. பொழுது சாயும் நேரத்தில் மேட்டின் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேசுவான். என்ன பேசுகிறான் என்று கேட்காது. பேசிவிட்டு நிறுத்துவான். எதிரில் இருப்பவர் பேசி முடிக்கட்டும் என்று ஒருவன் காத்திருப்பானே, அந்த மாதிரி இருப்பான். பிறகு தலையை ஆட்டுவான், சில சமயம் சிரிப்பான். அப்பன் மேல் வைத்த பாசம், பாவம், என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

ஒரு வருஷம் மழை பொய்த்துக் கிணறு வற்றியது. மேட்டிலிருந்து எழுந்து வந்த அரிகிருஷ்ணன், "மேக்கால ஓரமா தோண்டச் சொல்றாரு, ஊத்து இருக்குதாம்" என்றான். ஆள் விட்டுத் தோண்டினார்கள். தண்ணீர் வந்தது. சுற்று வீட்டுக்காரர்கள் எல்லாம் குடத்தோடு வந்து நின்றார்கள், போகும்போது மேட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கங்கையம்மாள் அந்தத் தண்ணீரைக் குடிக்க ரொம்ப நாள் தயங்கினாள்.

எழுபத்தெட்டில் அவனுக்கு நெஞ்சு வலி வந்தது. வைத்தியம் பார்த்தும் தேறவில்லை. நடக்க முடிகிற கடைசி வாரத்தில் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போய், மனையையும் வீட்டையும் அவள் பேருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டான். கங்கையம்மாள் கட்டை விரலை மையில் தோய்த்து வைத்தாள். முதல் தடவை ரேகை சரியாக விழவில்லை, மறுபடி வைக்கச் சொன்னார்கள். வெளியே வந்து ஒரு புங்கமரத்தடியில் நின்று அவள் வாய்விட்டு அழுதாள். குப்புராஜ் இதைப் பார்க்காமல் போனானே என்று அழுதாள். இனி ஒருத்தரும் கிளம்பச் சொல்ல முடியாது என்று அழுதாள். சந்தோஷத்துக்கும் துக்கத்துக்கும் அன்றைக்கு வித்தியாசமே தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து, காலை வெயில் படுக்கைமேல் விழுந்துகொண்டிருக்கும்போது, அரிகிருஷ்ணன் அவளைக் கிட்டே கூப்பிட்டான்.

"யம்மா, நான் ஒண்ணு சொல்லிடணும். அவரு எங்க அப்பா இல்ல."

அவள் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தாள்.

"எங்க அப்பா பேரும் கன்னியப்பன்தான். ஊர்லயே செத்தாரு. நான்தான் கொள்ளி வெச்சேன். அண்ணன் தம்பிங்க சேந்து என் பங்க எழுதி வாங்கிக்கினாங்க. அந்தக் கேசு தோத்துட்டு, போக்கிடம் இல்லாம கோர்ட்டுத் தாழ்வாரத்துல உக்காந்துகினு இருந்தேன். உள்ள கன்னியப்பன், கன்னியப்பன்னு சொல்லிகினு இருந்தாங்க. புள்ள இல்லாத பொணம், பொணத்துக்கு நெலம் இருக்குதுன்னு தெரிஞ்சுது. வந்துட்டேன்."

மூச்சு வாங்கியது. அவள் நெஞ்சை நீவிவிட்டாள்.

"மொத நாளே அவருகிட்ட அழுது மன்னிப்புக் கேட்டேன் யம்மா. அது பொய் அழுகை இல்ல. இப்ப பயமா இருக்குது. நான் மேல போனா, அவரோட நெசப் புள்ள வந்து நின்னு, என் அப்பன் எடத்தை நீ எப்படி எடுத்தேன்னு கேட்டா நான் இன்னா சொல்லுவேன்?"

கங்கையம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ வருஷம் நெஞ்சில் கிடந்த பாறாங்கல் உருண்டு போன சிரிப்பு. இரண்டு திருடர்கள் ஒரு வெற்றுப் பெட்டிக்கு இத்தனை காலம் காவல் இருந்திருக்கிறார்கள்! நிலம் இப்போது அவள் பேரில் இருக்கிறது, இவனோ சாகக் கிடக்கிறான், ஒளித்து என்ன ஆகப்போகிறது? நல்ல வார்த்தை சொல்லி அவன் பயத்தைப் போக்கிவிடலாம் என்று மனதார நினைத்துத்தான் சொன்னாள்.

"அண்ணா, நீ பயப்படாத. யாரும் வந்து உன்னைக் கேக்கமாட்டாங்க. அந்த மேட்டுல ஆளே கெடையாது. ஏரி மண்ணு. நானும் என் வூட்டுக்காரரும் கூடைல கொண்டாந்து கொட்டினது. கன்னியப்பன்னு ஒருத்தரு இருந்ததே இல்ல. கேசுக்காக நான் சொன்ன பொய்யி."

அவனும் சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். கோபித்துக்கொண்டாலும் சரிதான். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச ரத்தமும் வடிந்து வெளுத்துப் போயிற்று.

"அப்டின்னா," என்றான் மெதுவாக, "இத்தினி வருசமா எனக்குப் பதில் சொல்லிகினு இருந்தது யாரு யம்மா?"

அதுதான் அவன் கடைசியாகப் பேசியது. மறுநாள் போய்விட்டான்.

கருமாதி முடிந்த கையோடு கங்கையம்மாள் வீட்டைப் பூட்டினாள். இப்போது குரோம்பேட்டையில் தபீதாள் என்கிற நர்சம்மா வீட்டின் பின்கட்டில் ஒரு அறையில் வாடகைக்கு இருக்கிறாள். ரோட்டில் கடலைக் கூடையோடு உட்காருகிறாள். மனைக்கு வரி கட்டுகிற ரசீது அவள் பேரில் வருகிறது. வாங்கிக்கொள்ள எத்தனையோ பேர் வந்து கேட்டுவிட்டார்கள், விற்கமாட்டாள். எட்டிப் பார்க்கவும் மாட்டாள்.

சொந்தமாக மனையும் ஓட்டு வீடும் வைத்துக்கொண்டு இந்தப் பொந்தில் எதற்கு வாடகை கொடுத்துக்கொண்டு கிடக்கிறாய் என்று தபீதாள் ஒரு நாள் கேட்டாள். கங்கையம்மாள் கடலையைப் புடைத்துக்கொண்டிருந்த முறத்திலிருந்து தலை நிமிரவில்லை.

"அங்க ஆள் கீது நர்சம்மா," என்றாள்.